வாடகைக்கு விட்ட இசை: மிலான் நகரின் ரிக்கோர்டி ஆவணக்காப்பகம்

மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கின் பக்கவாட்டில் தொடங்கி வடக்கு நோக்கிச் செல்லும் தெருவுக்கு இசையமைப்பாளர் ஜூசெப்பே வெர்டியின் பெயர் இடப்பட்டிருக்கிறது. சற்றுத் தொலைவில் அதுவே ப்ரேரா தெரு என்று பெயர் மாறி, 28 ஆம் எண் கொண்ட பெரிய செங்கல் மாளிகையின் வாயிலில் பயணியைக் கொண்டுபோய் விடுகிறது. அரங்கிலிருந்து மாளிகைக்கு நடக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்த அரங்கில் இசைப்பதற்கென்று எழுதப்பட்ட ஏடுகள் இந்த மாளிகைக்கு வந்து சேர ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. இடையில் அவை படியெடுப்போர் மேசைகளிலும், அச்சுக்கூடத்திலும், ஒரு வணிக நிறுவனத்தின் இருப்பறைகளிலும், போர்க்காலத்து மறைவிடங்களிலும் இருந்து, இறுதியில் ஜெர்மானியப் பெருநிறுவனம் ஒன்றின் உடைமையான பிறகே, 2003 முதல், ப்ரேரா மாளிகையிலுள்ள பிராய்தென்சே தேசிய நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. 'ஆர்கீவியோ ஸ்டோரிகோ ரிக்கோர்டி', அதாவது ரிக்கோர்டி வரலாற்று ஆவணக்காப்பகம் என்பது அத்தொகுப்பின் பெயர்.

ப்ரேரா மாளிகை ஏசு சபைத் துறவியரின் கல்லூரியாக இருந்து, 1773 இல் அச்சபை கலைக்கப்பட்டபோது, அன்று லொம்பார்தியா நாட்டை ஆண்ட ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் அரசுக்கு உரியதாயிற்று. அதன் நூலகம் 1786 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஓவியக்கூடம் 1809 இல் திறக்கப்பட்டது. நுண்கலைக் கல்விக்கூடமும் தாவரத் தோட்டமும் வானாய்வகமும் அதே வளாகத்துக்குள் அடங்கியுள்ளன. வானியலாளர் ஸ்கியாபரெல்லி 1877 இல் செவ்வாய்க் கோளை நோக்கி, பின்னாளில் உலகம் கால்வாய்கள் என்று பிழையாகப் புரிந்துகொண்ட கோடுகளை வரைந்ததும் இந்த வானாய்வகத்தில்தான். முற்றத்தின் நடுவில், கனோவா என்னும் சிற்பி வடித்த உருவத்தின் வெண்கல வார்ப்பாக, போர்க்கடவுளின் ஆடையற்ற கோலத்தில் நெப்போலியன் நிற்கிறார். இசையேடுகளைத் தேடி வருபவர் அவரைக் கடந்துதான் உள்ளே செல்ல வேண்டும். அது பொருத்தமானதே, ஏனெனில் 1808 இல் ரிக்கோர்டி நிறுவனம் தொடங்கப்பட்டபோது மிலான் நகரம் நெப்போலியனுடைய இத்தாலிய அரசின் தலைநகராக இருந்தது.

காப்பகத்தின் இருப்பு பற்றிய கணக்கு வியப்பைத் தருவது. ஓபரா என்னும் இசைநாடகங்கள் அறுநூறுக்கும் மேலானவற்றையும் நூற்றுக்கணக்கான பிற இசைப்படைப்புகளையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 7,800 மூல இசையேடுகள், ஏறத்தாழ 10,000 'லிப்ரெத்தோ' நூல்கள், இசையமைப்பாளரும் கவிஞரும் பாடகரும் எழுதிய பல்லாயிரம் கடிதங்கள், மேடையமைப்பு மற்றும் உடை வரைபடங்கள், நிழற்படங்கள், சுவரொட்டிகள் ஆகியவை அதில் உள்ளன. லிப்ரெத்தோ என்பது ஓபராவின் சொற்பகுதி மட்டும் அச்சிடப்பட்ட சிறு நூல். அரங்குக்கு வருவோர் கையில் வைத்துப் படிப்பதற்காக விற்கப்பட்டது. இசையேட்டில் இரு வகை உண்டு. எல்லாக் கருவிகளுக்கும் எல்லாக் குரல்களுக்கும் உரிய சுரவரிகளை ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டுவது 'பார்த்திதூரா' என்னும் முழு இசையேடு. வாத்தியக் குழுவின் பகுதி முழுவதையும் பியானோவுக்கு ஏற்பச் சுருக்கிக் குரல்களோடு சேர்த்துத் தருவது 'ஸ்பார்த்தீத்தோ' என்னும் சுருக்கப்படி. இந்த வேறுபாடு இலக்கணக் குறிப்புப் போலத் தோன்றினாலும், இக்காப்பகம் உருவான கதை முழுவதும் இதைச் சுற்றியே சுழல்கிறது. வெர்டியின் 28 ஓபராக்களில் 23 இன் கையெழுத்து மூலங்களும், 'லா ரொந்தினே' நீங்கலாக இசையமைப்பாளர் புச்சினியின் ஓபராக்கள் அனைத்தின் மூலங்களும் ஒரே இடத்தில் இருப்பது ஏன் என்பதற்கான விடையும் அதில்தான் கிடைக்கிறது.

நிறுவனர் ஜியொவான்னி ரிக்கோர்டி (1785–1853) வயலின் வாசித்தவர். சிற்றரங்குகளில் நடிகருக்குச் சொல் எடுத்துக்கொடுப்பவராகவும் இசை படியெடுப்பவராகவும் பிழைத்தவர். 1803 இல் அவர் ஒரு படியெடுப்புக் கூடத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் ஓபராவின் முழு இசையேடு பெரும்பாலும் அச்சேறவில்லை. இசையமைப்பாளர் எழுதிய ஒரே மூலத்திலிருந்து ஒவ்வொரு பாடகருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனிப்படிகளைக் கையால் பிரித்தெழுதித் தருவது படியெடுப்பாளரின் தொழில்; அரங்கேற்றத்துக்குச் சில நாட்களே இருக்கையில், மை உலராத பக்கங்களை வைத்துக்கொண்டு, இரவு விளக்கொளியில் பலர் சேர்ந்து செய்யும் கடும் உழைப்பு அது. 1807 இல் ஜியொவான்னி ஜெர்மனியின் லைப்ஸிக் நகருக்குச் சென்று, ப்ரைட்கோப்ஃப் - ஹேர்ட்டெல் பதிப்பகத்தில், உலோகத் தகட்டில் சுரங்களைச் செதுக்கி அச்சிடும் முறையைக் கற்றுவந்தார். மென்மையான உலோகத் தகட்டின் மீது ஐங்கோடுகளைக் கீறி, சுரத்தலைகளை முத்திரை உளிகளால் அடித்து, எல்லாவற்றையும் வலமிடமாக மாற்றி அமைக்கும் அந்த நுட்பமே, கணினி வரும்வரை இசைப் பதிப்புலகை ஆண்டது. திரும்பி வந்த மறு ஆண்டு ஜனவரியில் நிறுவனம் பிறந்தது.

ஆனால் ஜியொவான்னியின் உண்மையான மதிநுட்பம் அச்சில் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தது. 1814 இல் லா ஸ்காலா அரங்கின் படியெடுப்பாளராக அமர்ந்த அவர், தாம் படியெடுத்துத் தரும் இசையின் மீதான உரிமையையும் அந்த ஏற்பாட்டின் வழியே பெற்றுக்கொண்டார். 1825 இல் அவ்வரங்கின் இசையேட்டு இருப்பு முழுவதையும் விலைக்கு வாங்கினார். அரங்க நிர்வாகத்துக்கு அவை பழைய காகிதக் கட்டுகள். அரங்கேறி முடிந்த ஓபராவின் ஏடு, அணைந்த விளக்கின் திரியைப் போன்றது என்பதே அன்றைய பொதுக்கருத்து, ஏனெனில் மக்கள் ஒவ்வொரு பருவத்திலும் புதிய படைப்பையே எதிர்பார்த்தனர். பழைய ஓபரா மீண்டும் மீண்டும் மேடையேறும் காலம் வரப்போகிறது என்பதையும், அப்போது ஏட்டை வைத்திருப்பவனே அரங்குக்குத் திறவுகோல் வைத்திருப்பவன் ஆவான் என்பதையும் படியெடுப்புக் கூடத்து மனிதர் ஒருவர் முன்கூட்டியே கண்டுகொண்டார். இத்தாலிய மொழியில் 'ரிக்கோர்டி' என்ற சொல்லுக்கு நினைவுகள் என்று பொருள் உண்டு. காப்பகத்தைப் பற்றி எழுதுவோர் இதைச் சுட்டாமல் விடுவதில்லை. எனினும் நினைவைப் பேணுவது நிறுவனரின் நோக்கமாக இருந்ததற்குச் சான்று தேட வேண்டியதில்லை. அவர் பேணியது வாடகைப் பொருளை.

அவ்வாடகை முறையைச் சற்று விளக்குவது தேவை. ரிக்கோர்டி நிறுவனம் சுருக்கப்படிகளை, வீடுகளில் பியானோ வைத்திருந்த நடுத்தர வகுப்பினருக்குத் தாராளமாக அச்சிட்டு விற்றது. முழு இசையேட்டையோ விற்கவில்லை. ஓபராவை மேடையேற்ற விரும்பும் அரங்கு, குறிப்பிட்ட பருவத்துக்கு மட்டும் முழு ஏட்டையும் கருவிப்படிகளையும் வாடகைக்குப் பெற்று, பருவம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். வெர்டியின் புகழ்பெற்ற ஓபராக்களின் முழு ஏடுகள்கூட அவர் வாழ்நாளில் பொது விற்பனைக்குக் கிடைக்கவில்லை. வாசகர் வாங்கிப் படிக்கக்கூடிய முழு ஏடுகள் 20 ஆம் நூற்றாண்டில்தான் வெளிவந்தன. இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் திருட்டு. இத்தாலியத் தீபகற்பம் பல அரசுகளாகச் சிதறிக் கிடந்த காலத்தில், ஓர் அரசின் எல்லைக்குள் செல்லும் உரிமை மறு எல்லையில் செல்லாது. கடையில் விற்கும் சுருக்கப்படியை வாங்கி, உள்ளூர் இசைஞர் ஒருவரைக் கொண்டு வாத்தியப் பகுதியைக் கற்பனையாக நிரப்பி, அதையே வெர்டியின் படைப்பென்று மேடையேற்றுவது வழக்கமாக இருந்தது. மூலத்தை இரவோடிரவாகப் படியெடுத்து விற்ற படியெடுப்பாளரும் இருந்தனர். இத்தொழிலின் கள்ளவழிகளை ரிக்கோர்டியைவிட நன்கறிந்தவர் இருந்திருக்க முடியாது, அவரே அக்கூட்டத்திலிருந்து வந்தவர். 1840 இல் ஆஸ்திரியாவும் சார்தீனிய அரசும் செய்துகொண்ட உடன்படிக்கை இலக்கிய, கலை உடைமைகளுக்கு முதன்முறையாக எல்லை கடந்த பாதுகாப்பைத் தந்தது. நேப்பிள்ஸ் அரசு அதில் சேராமல் நெடுங்காலம் தொல்லை தந்தது. ஒன்றுபட்ட இத்தாலியின் பதிப்புரிமைச் சட்டம் 1865 இல் வந்தது. அதுவரை ஏட்டைக் கைவிட்டு நழுவவிடாமல் வைத்திருப்பதே உரிமைக்கு இருந்த ஒரே காவல்.

இதனால் விளைந்ததே இன்று ப்ரேராவில் காணும் செழிப்பு. கையெழுத்து மூலம் என்பது வணங்கத்தக்க பொருள் என்பதால் அன்று. படிகளைச் சரிபார்க்கவும் வழக்குமன்றத்தில் காட்டவும் பயன்படும் பத்திரம் என்பதால் அது காக்கப்பட்டது. கலையார்வலர் ஒருவர் சேர்த்த தொகுப்பாக இருந்திருந்தால் தலைசிறந்த சில ஏடுகள் கண்ணாடிப் பேழைக்குள் சென்றிருக்கும். மறக்கப்பட்ட இசையமைப்பாளரின் தோல்வியடைந்த ஓபராவும், திருத்தத்துக்கு முந்தைய வடிவமும், கட்டணச் சீட்டும் குப்பைக்குப் போயிருக்கும். வணிகருக்கு எது நாளை விலைபோகும் என்று தெரியாது. ஆகவே எதையும் அவர் எறிவதில்லை.

கணக்கேடுகளின் பக்கம் திரும்பினால் இது இன்னும் தெளிவாகும். 'லிப்ரோனி' என்று அழைக்கப்படும் பெரும் பதிவேடுகளில், நிறுவனம் வெளியிட்ட ஒவ்வொரு படைப்பும் வரிசை எண் பெற்று நிற்கிறது. அச்சுத்தகட்டின் அடியில் பொறிக்கப்பட்ட அதே எண்ணைக் கொண்டுதான், ஆண்டு குறிக்கப்படாத பழைய இத்தாலிய இசைப் பதிப்புகளின் காலத்தை உலகெங்கும் நூலகர் கணிக்கின்றனர். 'கோப்பியாலெத்தெரே' என்பவை நிறுவனம் அனுப்பிய கடிதங்களின் நகல் தொகுதிகள்: புதிதாக எழுதிய கடிதத்தின் மீது ஈரப்படுத்திய மெல்லிய தாளை வைத்து அழுத்தி, மையின் சுவட்டைத் தாளின் மறுபுறம் தெரியும்படி எடுத்து, அத்தாள்களைக் கட்டிவைத்தனர். வந்த கடிதமும் சென்ற கடிதமும் சேர்ந்தே இருப்பதால் உரையாடலின் இரு பக்கத்தையும் கேட்க முடிகிறது. பெரும்பாலான எழுத்தாளர், கலைஞர் தொகுப்புகளில் கிட்டாத பேறு இது. அவ்வுரையாடல் எப்போதும் இனிமையாக இல்லை. வாடகை வருவாயில் தமக்குரிய பங்கு முறையாகக் கணக்கிடப்படவில்லை என்று 1875 இல் கண்டறிந்த வெர்டி, நிறுவனத்தை அப்போது நடத்திய இரண்டாம் தலைமுறையினரான தீத்தோ ரிக்கோர்டியிடம் கணக்குக் கேட்டார். நிறுவனம் ஈடு செலுத்தியே உறவைக் காத்துக்கொண்டது. மேதையின் கணக்கறிவைக் கண்டு முகஞ்சுளிப்போர் உண்டு. படைப்பாளி தன் உழைப்பின் விலையை அறிந்திருந்ததில் குறையேதும் இல்லை. அறியாதிருந்தவர்கள் வறுமையில் இறந்தார்கள் என்பதை அதே கடிதக் கட்டுகள் காட்டும்.

வெர்டிக்கும் ரிக்கோர்டி இல்லத்துக்கும் இடையிலான தொடர்பு 1839 இல், 'ஒபெர்த்தோ' என்னும் அவருடைய முதல் ஓபராவின் உரிமையை ஜியொவான்னி 2,000 ஆஸ்திரிய லீராவுக்கு வாங்கியதில் தொடங்கி, மூன்று தலைமுறைப் பதிப்பாளர்களைக் கடந்து, 1893 இல் அரங்கேறிய 'ஃபால்ஸ்தாஃப்' வரை நீண்டது. அவர் கையெழுத்து மூலத்தின் பக்கங்களைப் பார்ப்பவர் முதலில் உணர்வது வேகத்தை. முந்தைய ஓபராக்களில் வெர்டி முதலில் பாடும் வரிகளையும், அடிநாதமாகிய பாஸ் வரியையும், இன்றியமையாத சில கருவிக் குறிப்புகளையும் மட்டும் எழுதி, இடையிலுள்ள வரிகளை வெறுமையாக விட்டுவிடுவார். பாடகர் மனப்பாடம் செய்யத் தொடங்குவதற்காக அந்த எலும்புக்கூட்டு நிலையிலேயே ஏடு படியெடுப்பாளரிடம் போகும். பின்னர், ஒத்திகை நடக்கும் நகரத்துக்குச் சென்று, அங்குள்ள குரல்களைக் கேட்டபிறகே வெற்றுவரிகளில் வாத்தியப் பகுதியை நிரப்புவார். அதனால் ஒரே பக்கத்தில் இரு மைகளின் நிறமும் இரு மனநிலைகளின் அடையாளமும் தென்படுவதுண்டு. முன்னர் வந்ததே மீண்டும் வரும் இடங்களில் 'கோமே சோப்ரா', அதாவது 'மேலே உள்ளபடி', என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவது அக்கால இத்தாலிய இசையமைப்பாளர் எல்லோருக்கும் பொதுவான வழக்கம். பிழையான சுரத்தைக் கத்திமுனையால் சுரண்டியெடுத்து அதன்மேல் எழுதுவதும் அவ்வாறே. சுரண்டிய இடத்தில் காகிதம் மெலிந்திருக்கும். இசையமைப்பாளர் தயங்கிய இடம் எதுவென்று காகிதத்தின் அந்த மெலிவே சொல்லிவிடுகிறது.

'ஐதா'வுக்கும் மரண வழிபாட்டு இசையாகிய 'ரெக்குவியெம்' படைப்புக்கும் பிறகு வெர்டி ஓய்ந்துவிட்டதாகவே கருதப்பட்டது. அந்த வழிபாட்டு இசை 1874 மே 22 அன்று முதலில் ஒலித்த சான் மார்க்கோ தேவாலயம் ப்ரேராவிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ளது. காப்பகத்துக்கு வருவோர் அங்கும் சென்றுவரலாம். முதியவரை மீண்டும் ஓபராவுக்கு இழுத்துவந்தவர் மூன்றாம் தலைமுறைப் பதிப்பாளர் ஜூலியோ ரிக்கோர்டி (1840–1912). கவிஞரும் இசையமைப்பாளருமான அர்ரீகோ போய்த்தோவை வெர்டியோடு இணைத்து, ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவை ஓபராவாக்கும் எண்ணத்தைச் சிறிது சிறிதாக ஊட்டினார் அவர். எதையும் ஒப்புக்கொள்ளாத வெர்டி மனம் மாறிவிடக்கூடாது என்பதற்காக, கடிதங்களில் அந்தத் திட்டம் 'சாக்கலேட்' என்ற மறைபெயரால் வழங்கியது. ஆண்டுகள் பல சென்று 1887 பிப்ரவரி 5 அன்று 'ஒத்தெல்லோ' லா ஸ்காலாவில் அரங்கேறியது. ஜூலியோ தாமே ஜூல்ஸ் புர்க்மைன் என்ற புனைபெயரில் இசையமைத்தவர். அவ்விசை இன்று எவர் நினைவிலும் இல்லை. ஆனால் பிறரிடமிருந்து இசையை வரவழைப்பதில் அவருக்கு நிகர் எவருமில்லை என்பதை இக்கடிதங்களைப் படிப்போர் ஒப்புக்கொள்வர்.

ஜூலியோ கண்டெடுத்த மற்றவர் புச்சினி. அவருடைய மூலங்களின் தன்மை முற்றிலும் வேறு: கோடுகள் வளைந்து நெளிந்து, அடித்தலும் திருத்தலும் மலிந்து, படியெடுத்தவரின் பொறுமையை எண்ணி இரங்க வைப்பவை. 'லா பொஹேம்' ஓபராவின் மூலத்தில், கதைத்தலைவி மிமி உயிர்விடும் இடத்தில், அவர் ஒரு மண்டையோட்டையும் குறுக்கெலும்புகளையும் வரைந்து வைத்துள்ளார். பார்வையாளர் எவரும் காண முடியாத அந்தப் படம், எழுதும் நேரத்தில் எழுதியவரை அக்காட்சி எவ்வாறு ஆட்கொண்டது என்பதற்கான குறி. 'மதாமா பட்டர்ஃப்ளை' 1904 பிப்ரவரி 17 அன்று லா ஸ்காலாவில் கூச்சலுக்கும் ஏளனத்துக்கும் இடையே வீழ்ந்தது. ஏட்டைத் திரும்பப் பெற்றுத் திருத்திய புச்சினி, அதே ஆண்டு மே 28 இல் ப்ரெஷியா நகரில் அதை வெற்றியாக்கினார். வீழ்ந்த வடிவத்துக்கும் வென்ற வடிவத்துக்கும் இடைப்பட்ட வெட்டுகளையும் ஒட்டுகளையும் மூலத்தின் பக்கங்களிலேயே பின்தொடரலாம்.

எல்லாவற்றிலும் நெகிழ வைப்பது 'துராந்தோத்' தான். 1924 நவம்பர் 29 அன்று ப்ரஸ்ஸெல்ஸ் மருத்துவமனையில் புச்சினி இறந்தபோது, கடைசிக் காட்சி துண்டுத் தாள்களில் குறிப்பாக மட்டுமே இருந்தது. அதிலிருந்து முடிவை அமைக்கும் பணி ஃப்ராங்கோ அல்ஃபானோ என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் முதலில் எழுதிய நீண்ட முடிவு இசைக்குழு நடத்துநர் தொஸ்கனீனிக்கு நிறைவளிக்காததால் குறைக்கப்பட்டது. 1926 ஏப்ரல் 25 இல் நடந்த அரங்கேற்றத்தில், லியூ என்னும் அடிமைப்பெண் இறக்கும் இடத்தோடு தொஸ்கனீனி கைக்கோலை வைத்துவிட்டார். அன்று அல்ஃபானோவின் முடிவு ஒலிக்கவே இல்லை. அம்முடிவு இன்றளவும் அறிஞரிடையே சண்டைக்குரியது. எவ்வளவு வாதிட்டாலும், துண்டுத் தாள்கள் சொல்லாததை எவரும் சொல்லிவிட முடியாது.

சுரம் படிக்கத் தெரியாத பயணிக்கும் இக்காப்பகத்தில் நிறைய உண்டு. ரிக்கோர்டி நிறுவனம் அரங்குகளுக்கு வாடகைக்கு அனுப்பியது இசையேட்டை மட்டுமன்று. நடிகர் எங்கு நிற்க வேண்டும், எந்தச் சொல்லில் திரும்ப வேண்டும் என்று வரையறுக்கும் மேடை நெறிநூலும், உடைகளின் வண்ண வரைபடங்களும், வாள் முதல் கிண்ணம் வரையிலான மேடைப் பொருள்களின் படத்தாள்களும் அதனோடு சென்றன. தொலைதூரச் சிற்றூர் அரங்கிலும் மிலானில் கண்டதே காணப்பட வேண்டும் என்பது நோக்கம். ஒருவகையில், இன்றைய வணிகக் கிளை உரிமை முறையின் முன்னோடி. 'ஃபால்ஸ்தாஃப்' அரங்கேற்றத்துக்கு உடையும் மேடையும் வரைந்தவர் நிறுவனத்தின் கலை இயக்குநர் அடோல்ஃப் ஹோஹென்ஸ்டைன். அவரும் மெத்லீகோவிட்ஸ், துதோவிச் என்னும் ஓவியர்களும் ரிக்கோர்டியின் வரைகலைக் கூடத்திலிருந்து உருவாக்கிய சுவரொட்டிகள் 'தோஸ்கா', 'பட்டர்ஃப்ளை' ஆகியவற்றோடு நின்றுவிடாமல், மதுவகைகளுக்கும் துணிக்கடைகளுக்கும் விளம்பரமாகி, இத்தாலியச் சுவரொட்டிக் கலைக்கே அடித்தளம் ஆயின. ஓபராவின் உணர்ச்சிப் பெருக்கை விற்கக் கற்ற கைகளுக்குக் கசப்பு மதுவை விற்பது எளிதாகவே இருந்திருக்கும்.

லிப்ரெத்தோக்களின் அடுக்குகளோ வேறொரு வரலாற்றைச் சொல்கின்றன. அரசனை வில்லனாகக் காட்டக்கூடாது, அரசனைக் கொல்லக்கூடாது, கலகத்தைப் பேசக்கூடாது என்று ஒவ்வோர் அரசின் தணிக்கையாளரும் தனித்தனியே விதி வகுத்திருந்ததால், ஒரே ஓபரா ஊருக்கு ஒரு பெயர் பூண்டது. இசையமைப்பாளர் ரோஸ்ஸீனியின் 'வில்லியம் டெல்' ஆஸ்திரியப் பிடியிலிருந்த மிலானில் ஸ்காட்லாந்து வீரன் 'வல்லாச்சே' ஆனது. வெர்டியின் 'ரிகொலெத்தோ' சில நகரங்களில் 'விஸ்கர்தெல்லோ' என்ற பெயரில் உலவியது. சொல் மாறிற்று, இசை மாறவில்லை. தணிக்கையாளருக்குச் சுரம் படிக்கத் தெரிந்திருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும்.

இவ்வளவும் எஞ்சியது தற்செயலன்று. இரண்டாம் உலகப்போரில், 1943 ஆகஸ்டில் மிலான் மீது பொழிந்த குண்டுகள் லா ஸ்காலாவின் கூரையைத் தகர்த்தன. காம்பானியா நிழற்சாலையிலிருந்த ரிக்கோர்டியின் அச்சகமும் அலுவலகமும் அழிந்தன, அச்சுத்தகடுகள் பெருந்தொகையாக உருக்குலைந்தன. கையெழுத்து மூலங்கள் முன்னரே வேறிடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்ததால் தப்பின. போருக்கு வெகுமுன்பே, 1888 இல், போட்டி நிறுவனமான லூக்காவை வாங்கியதன் மூலம் இசையமைப்பாளர் வாக்னருடைய படைப்புகளின் இத்தாலிய உரிமைகளும் ரிக்கோர்டிக்கு வந்திருந்தன. எனினும் லூக்கா பதிப்பித்த வெர்டியின் 'அத்தீலா'வின் மூலம் கடல் கடந்து லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. போருக்குப்பின் நோனோ, ஷியாரினோ போன்ற புதுநெறி இசையமைப்பாளரையும் நிறுவனம் பதிப்பித்தது. 1994 இல் ஜெர்மனியின் பெர்ட்டல்ஸ்மன் நிறுவனம் ரிக்கோர்டியை வாங்கிற்று. 2006 இல் தன் இசைப் பதிப்புத் தொழிலை யுனிவர்சல் நிறுவனத்துக்கு விற்க முடிவுசெய்தபோது, வருவாய் தரும் உரிமைகளைக் கொடுத்துவிட்டு வருவாய் தராத காகிதங்களை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. வணிகக் கணக்கில் இதற்கு விளக்கமில்லை. இத்தாலியர் தேசியச் செல்வமென்று போற்றுவது அயல்நாட்டுப் பெருநிறுவனத்தின் சொத்தாக இருப்பது முரண்தான். ஆயினும் அட்டவணைப்படுத்தலும் எண்மப் படமெடுப்பும் பழுதுபார்ப்பும் அந்த உரிமையாளரின் செலவில் முறையாக நடந்துவருகின்றன, ஏடுகளும் மிலானை விட்டு அகலவில்லை.

மூலம் கையருகில் இருப்பதால் என்ன பயன் என்ற வினாவுக்கு 1950 களின் இறுதியில் கடுமையான விடை கிடைத்தது. ஆஸ்திரேலிய நடத்துநர் டெனிஸ் வான், 'ஃபால்ஸ்தாஃப்' உள்ளிட்ட வெர்டி படைப்புகளின் அச்சுப்படிகளை மூலங்களோடு ஒப்பிட்டு, ஆயிரக்கணக்கான வேறுபாடுகள் இருப்பதாகக் குற்றஞ்சாட்டினார். அவற்றுள் பல, வெர்டியே அச்சுத்தாளில் செய்த திருத்தங்களாகவும் பதிப்பாசிரியர் செய்த இயல்பான ஒழுங்குபடுத்தல்களாகவும் இருக்கக்கூடும் என்பதை வான் போதிய அளவு கருதவில்லை. எனவே அவர் கூற்றை முழுமையாக ஏற்க இயலாது. ஆனால் அவர் எழுப்பிய புழுதி வீண்போகவில்லை. சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகமும் ரிக்கோர்டியும் இணைந்து, ஃபிலிப் காஸெட் பொதுப்பதிப்பாசிரியராக, வெர்டியின் படைப்புகளுக்கு ஆய்வுப் பதிப்பு கொண்டுவரத் தொடங்கின. முதல் தொகுதியாகிய 'ரிகொலெத்தோ' 1983 இல் வந்தது. ஆய்வுப் பதிப்பு என்பது கிடைக்கும் மூலங்கள் அனைத்தையும் ஒப்புநோக்கி, ஒவ்வொரு தெரிவுக்கும் காரணம் காட்டும் பதிப்பு. படியெடுப்பாளரின் சோர்வில் நேர்ந்து, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலக அரங்குகளில் ஒலித்துவந்த பிழைகள் அதன்மூலம் களையப்பட்டுவருகின்றன.

ஆய்வு நோக்கத்தோடு வருபவர் முன் அனுமதி பெற்றே ஏடுகளைக் காண முடியும். மற்றவர் காப்பகம் வெளியிட்டுள்ள எண்மப் படங்களில் கடிதங்களையும் உடை வரைபடங்களையும் பார்க்கலாம். மாளிகையின் ஓவியக்கூடத்துக்கு வருவோரில் பெரும்பாலோர், தம் அருகில் எது இருக்கிறது என்பதை அறியாமலே திரும்புகின்றனர். இசையேட்டு வாடகை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் காண விரும்புவோர் சிவப்பு நிற மெட்ரோ வழியில் புவொனர்ரோத்தி நிலையத்தில் இறங்க வேண்டும். நிலையத்தின் எதிரில், கவிஞர் போய்த்தோவின் தமையனும் கட்டடக்கலைஞருமான கமில்லோ போய்த்தோ வடிவமைத்த, முதிய இசைஞர்களுக்கான இல்லம் நிற்கிறது. வெர்டி தம் செலவில் கட்டிய அவ்வில்லம், நன்றியுரைகளைத் தாம் கேட்க நேரக்கூடாது என்று அவர் விரும்பியபடி, அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1902 இல்தான் திறக்கப்பட்டது. தம் ஓபராக்களிலிருந்து வரும் உரிமைத்தொகையை அவர் அதற்கே எழுதிவைத்திருந்தார். பதிப்புரிமைக் காலம் முடியும்வரை அப்பணம் வந்துகொண்டிருந்தது. வெர்டியும் அவர் மனைவி ஜூசெப்பீனா ஸ்ட்ரெப்பொனியும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். மேல்தளங்களில் ஓய்வுபெற்ற பாடகரும் வாத்தியக் கலைஞரும் இன்றும் வாழ்கின்றனர்.